இரண்டு வருடமாகத் தாண்டிப் போகும் சுஷிக் கடை: உள்ளே போக ஆசை, வழி சொல்லுங்கள்

#1 நிஷிகசாய்வாசி

எல்லோருக்கும் வணக்கம். டோக்கியோ வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. எடோகாவா வார்டில் குடியிருக்கிறோம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில், ஒரு சலூனுக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், சின்ன சுஷிக் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் கருநீலத் துணித் திரை. உள்ளே எதுவும் தெரியாத கண்ணாடி போட்ட மர இழுப்புக் கதவு. எத்தனை பேர் உட்காரலாம், யார் நடத்துகிறார்கள், என்ன விலை, ஒன்றும் வெளியிலிருந்து தெரியாது. மதிய நேரத்தில் மட்டும் ஒரு பலகை வைப்பார்கள். அதில் 1,200 யென் என்று படிக்க முடிகிறது, மற்றதெல்லாம் தூரிகை எழுத்து.

சாயங்காலம் அந்தப் பக்கமாக வரும்போது யாராவது கதவைத் திறந்து வெளியே வந்தால் வினிகர் வாசனையும் சிரிப்புச் சத்தமும் சேர்ந்து வரும். என் நடை தானாகவே மெதுவாகிவிடும். ஆனாலும் இதுவரை உள்ளே போனதில்லை. பெல்ட்டில் தட்டு சுற்றி வரும் பெரிய கடைகளுக்குப் பல முறை போயிருக்கிறோம். அங்கே திரையைத் தொட்டால் போதும், விலை கண்ணெதிரே இருக்கும், வாயைத் திறக்கவே வேண்டாம்.

எனக்குக் கடைத்தெரு அளவுக்குத்தான் ஜப்பானிய மொழி வரும், சமாளிக்க முடியுமா? பில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? மனைவிக்குப் பச்சை மீன் என்றாலே தயக்கம். அது பாதுகாப்பானதுதானா? அடுத்த மாதம் அம்மா வருகிறார், அவர் சுத்த சைவம். அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா, இல்லை அந்த நினைப்பையே விட்டுவிடவா?

#2 கடல்நண்டு

மதியம் போங்கள். பலகையில் 1,200 என்றால் 1,200தான். வரியைச் சேர்த்த விலையைக் காட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து சட்டமே இருக்கிறது. டிப்ஸ் கிடையாது, கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

உள்ளே பெரும்பாலும் மூன்று தரம் எழுதியிருப்பார்கள்: நாமி, ஜோ, தொகுஜோ. சாதா, மேல்தரம், அதற்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் இதையே ஊமே, தாக்கே, மாத்சு என்பார்கள். பிளம், மூங்கில், பைன் என்று மரங்களின் பெயர்கள் அவை, பைன்தான் உசத்தி. முதல் தடவைக்கு ஜோ கேளுங்கள். நாமியில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் கடைக்காரர் எதில் கெட்டிக்காரர் என்பது ஜோவில்தான் தெரியும்.

#3 யோகோஹாமாக்காரர்

தம்பி, நான் ஒரே கடைக்குப் பதினேழு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வாசலில் நிற்கும் தயக்கம் எனக்கும் இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதவை இழுத்துத் திறங்கள், இரண்டு விரலைக் காட்டி "ஃபுதாரி தெஸ்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் நுழைவு. எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களே காட்டுவார்கள். மேசையைக் காட்டினாலும், கவுன்ட்டரில் இடம் இருந்தால் அங்கே உட்காரலாமா என்று கையைக் காட்டிக் கேளுங்கள். சுஷி கவுன்ட்டருக்காகவே பிறந்த சாப்பாடு. ஈரத் துண்டு ஒன்று வரும், கை துடைக்க மட்டும். பெரிய கோப்பையில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் வரும். வாயில் ஒட்டியிருக்கும் மீன் எண்ணெயைக் கழுவத்தான் அந்தச் சூடும் துவர்ப்பும். ஊறுகாய் இஞ்சி இருக்கும். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் ஒரு துண்டு போட்டுக்கொண்டால் நாக்கு புதிதாகிவிடும்.

கேட்பதற்கு மூன்று வழி. ஒகிமாரி என்றால் இத்தனை துண்டு, இன்ன விலை என்று முடிவான தட்டு. ஒகொனோமி என்றால் உங்களுக்குப் பிடித்ததை ஒவ்வொன்றாகக் கேட்பது. ஒமகாசே என்றால் எல்லாவற்றையும் அவர் கையில் விட்டுவிடுவது. பத்திரிகைகளில் வருகிற பெரிய பெரிய பில் எல்லாம் மூன்றாவது வகை. பக்கத்துத் தெருக் கடையில் ஒகிமாரிதான் சரி. அதைச் சாப்பிட்டு முடித்து, வயிற்றில் இடம் இருந்தால், பிடித்த ஒன்றை மறுபடி கேளுங்கள். அதுதான் ஒகொனோமி, நீங்கள் அறியாமலே கற்றுக்கொண்டிருப்பீர்கள். சுவரில் தொங்கும் மரச்சீட்டுகளில் சிலவற்றுக்கு விலை போடாமல் "ஜிகா" என்று எழுதியிருக்கும். அன்றைய சந்தை விலை என்று பொருள். விலை கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் "இகுரா" என்று மொட்டையாகக் கேட்டால் சால்மன் முட்டையின் பெயரும் அதேதான், கேட்டவருக்குக் குழப்பம் வரும். "ஒ-இகுரா தெஸ் கா" என்று முழுதாகக் கேளுங்கள்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். எல்லோரும் மீனைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் சோற்றைக் கவனியுங்கள். நல்ல மீனைக் காசு கொடுத்து யாரும் வாங்கிவிடலாம். சோறு அந்த மனிதருடைய கை. சூடாக இறக்கிய சோற்றை அகலமான மரத்தொட்டியில் கொட்டி, வினிகரும் உப்பும் சர்க்கரையும் கலந்ததை ஊற்றி, அகப்பையால் வெட்டுவது போல் கிளறி, விசிறுவார்கள். உடம்புச் சூட்டுக்கு இறங்கியதும் மூடிய மரப்பாத்திரத்துக்குப் போகும். அந்தச் சூடு குறையாமல் உங்கள் வாய்க்கு வர வேண்டும். சுழலும் கடையில் சோறு அச்சில் பிடித்தது போல இருக்கும். பிடிப்பாக நிற்கும், ஆனால் மெல்ல வேண்டியிருக்கும். கையால் பிடித்தது, எடுக்கும்போது உடையாது, நாக்கில் வைத்ததும் பிரிந்துவிடும். வெளியில் இறுக்கம், உள்ளே காற்று. இதற்காக வருடக்கணக்கில் பழகுகிறார்கள்.

அவர் ஒரு நிகிரியை, அதாவது மேலே மீன் வைத்துக் கையால் பிடித்த சோற்றுத் துண்டை, உங்கள் முன்னால் வைத்ததும் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். சோறு மெல்ல மூச்சு விட்டது போல ஒரு மயிரிழை அளவு கீழே அமரும். அதைப் பார்த்துவிட்டால் உடனே எடுத்துச் சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுக்கலாம், ஒன்றே ஒன்று, சட்டென்று. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் அவர் செய்ததில் பாதி போய்விடும்.

கையால் சாப்பிடலாம், அது முழுக்கச் சரி. சோயா சாஸைச் சோற்றில் தொடாமல், நிகிரியைச் சற்றுச் சாய்த்து மீன் பக்கம் மட்டும் தொடுங்கள். சோற்றில் தொட்டால் அது உறிஞ்சி உதிர்ந்துவிடும், மீன் வாசமும் உப்பில் அமுங்கிவிடும். பழுப்பாகக் குழம்பு தடவி வருகிற அனாகோ என்ற கடல் விலாங்குக்குச் சோயாவே வேண்டாம்.

#4 சமையல்கட்டு

பச்சை மீன் பற்றிப் பயப்படாதீர்கள். சோற்றில் வினிகர், மீனுக்கு அடியில் வசாபி என்ற பச்சைக் கார விழுது, பக்கத்தில் இஞ்சி. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் புழுவும் கிருமியும் தாங்காது. முன்னோர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

#5 மீன்விழி

சமையல்கட்டு, மன்னிக்க வேண்டும், இதை அப்படியே விட மனம் வரவில்லை. நான் உணவுச் சுகாதாரம் சார்ந்த வேலையில் இருக்கிறேன். வினிகரும் வசாபியும் பாக்டீரியா பெருகுவதைக் கொஞ்சம் தடுக்கும், உண்மைதான். ஆனால் அனிசாகிஸ் என்ற புழு சாப்பாட்டில் சேர்க்கும் அளவு வினிகருக்கோ உப்புக்கோ சோயாவுக்கோ வசாபிக்கோ சாகாது. ஜப்பானின் சுகாதார அமைச்சகமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாகடிக்க நம்பகமான வழி இரண்டு. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறைய வைப்பது, அல்லது சூடாக்குவது. 60 டிகிரி என்றால் ஒரு நிமிடம் போதும்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் மாதிரி இருக்கும். கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் வரும். மீன் செத்த பிறகு குடலிலிருந்து சதைக்கு நகரும். அதனால்தான் நல்ல கடைக்காரர் மீன் வந்த உடனே குடலை எடுத்துவிடுகிறார், வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு துண்டாகப் பார்க்கிறார். கணவாய் மீது நெருக்கமாகக் கத்திக் கீறல் போடுவது மெல்ல எளிதாக இருக்கவும்தான், புழு இருந்தால் வெட்டுப்படவும்தான். தூரத்துக் கடலில் பிடிக்கும் சூரை மீன் பெரும்பாலும் கப்பலிலேயே கடுங்குளிரில் உறைய வைத்தது, அதில் இந்தக் கவலை மிகக் குறைவு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றை முறுக்கும் வலி வந்தால் பொறுத்துக்கொண்டு படுக்காமல் மருத்துவமனைக்குப் போய், பச்சை மீன் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பியில் புழுவை எடுத்ததும் வலி நின்றுவிடும்.

இவ்வளவு சொன்னது பயமுறுத்த இல்லை. நானே மாதம் இரண்டு முறை போகிறேன். வருடக்கணக்கில் ஒரே தெருவில் ஒரே ஆட்களுக்குச் சாப்பாடு போடும் கடைக்காரர் மீனைப் பார்க்கும் கவனத்தை நான் நம்புகிறேன். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மட்டும் ஒரு விஷயம். பாதரசம் காரணமாகப் பெரிய சூரை வகைகளை வாரத்துக்கு 80 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு துண்டு 15 கிராம் கணக்கில் ஐந்து துண்டு வரும்.

#6 சமையல்கட்டு

இத்தனை நாள் தவறாக நம்பியிருக்கிறேன். விளக்கியதற்கு நன்றி, மீன்விழி.

#7 ஒசாகாத்தமிழச்சி

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். என் மாமியாரும் சைவம். ஒசாகாவில் மூன்று கடைகளில் அவரை உட்கார வைத்துச் சாப்பிட வைத்திருக்கிறேன், அதனால் முடியும் என்று தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

வெள்ளரிக்காய் வைத்துச் சோற்றைச் சுருட்டிய கப்பா மாகியில் சிக்கல் இல்லை. நத்தோ வைத்த மாகியும் சோயா பீன்ஸ்தான், ஆனால் அந்த வழவழப்பும் வாடையும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனுடன் வரும் சின்ன சாஸ் பொட்டலத்தில் மீன் சாறு இருக்கலாம் என்பதால் அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கன்ப்யோ மாகி என்று ஒன்று இருக்கிறது. சுரைக்காயை நீளமான நாடாவாகச் சீவி, வெயிலில் காயவைத்து, சோயாவும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்தது. நம் வீட்டு வற்றல் போலத்தான். ஜப்பானில் விளைவதில் பெரும்பகுதி தோச்சிகி மாநிலத்திலிருந்து வருகிறது. ஆனால் இதை வேகவைக்கும் நீர் தாஷி என்ற சாறாக இருக்கலாம், தாஷியில் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவல் இருக்கும். பொரித்த டோஃபு பைக்குள் சோறு அடைத்த இனாரிக்கும் இதே கதை. முட்டை சாப்பிடுபவர்களுக்கும் சொல்கிறேன், தமாகோ என்ற முட்டை அடையிலும் தாஷி இருக்கும், சில கடைகளில் இறாலையே அரைத்துச் சேர்ப்பார்கள். மிசோ சூப்பும் அப்படித்தான்.

அதனால் ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். "நிகு தோ சகானா" (இறைச்சியும் மீனும்) வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் "கத்சுவோ தாஷி மோ" (மீன் சீவல் தாஷியும்) வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். கொன்பு என்கிற கடற்பாசியில் மட்டும் தாஷி எடுக்க முடியும், கேட்டால் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். மதுவைத் தவிர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: மிரின் என்ற இனிப்பான அரிசி மது பல இடங்களில் சேரும், அதையும் கேட்டுவிடுங்கள்.

மனைவிக்கு வேகவைத்தது வேண்டுமென்றால் இறால், அனாகோ என்ற கடல் விலாங்கு, பேய்க்கணவாய் இருக்கின்றன. கொஹாதா என்ற சின்ன மீன் உப்பிலும் வினிகரிலும் ஊறியது, வெந்ததில்லை, ஆனால் பச்சை வாடை இருக்காது. வசாபி வேண்டாமென்றால் "சாபிநுகி" என்று ஒரு வார்த்தை போதும்.

அப்புறம் ஒன்று. சுழலும் கடைகளைக் குறைவாகப் பேச வேண்டாமே. அது எங்கள் பக்கத்தில் பிறந்தது. 1958இல் இன்றைய ஹிகாஷி-ஒசாகாவில் யோஷியாகி ஷிராய்ஷி தொடங்கினார். பீர் தொழிற்சாலையில் புட்டிகள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து வந்த யோசனை. தொழிலாளிகள் குறைந்த விலையில் சுஷி சாப்பிட வேண்டும் என்பதுதான் நோக்கம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நான் போவது அங்கேதான். ஒசாகாவின் பழைய சுஷியே வேறு, மரப்பெட்டியில் சோறும் மீனும் அடுக்கி அழுத்தி வெட்டுவது. கானாங்கெளுத்தி வைத்த பத்தெரா சாப்பிட்டுப் பாருங்கள்.

#8 மாலைத்தென்றல்

எல்லோரும் போ போ என்கிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு இது போன்ற ஒரு சின்னக் கடைக்குத் தோழியோடு போனேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் ஏதோ சொன்னார், புரியவில்லை. பிறகு மூக்கைத் தொட்டுக் காட்டினார். நான் போட்டிருந்த சென்ட் வாசனைதான் பிரச்சினை என்று அப்புறம் புரிந்தது. போதாக்குறைக்கு நிறையக் கேட்டுவிட்டு, வயிறு நிறைந்ததும் மீனை மட்டும் சாப்பிட்டு நான்கு சோற்றுருண்டைகளை ஒதுக்கி வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது. விதிகள் தெரியாதவர்கள் வரக் கூடாது என்றால் வாசலில் எழுதி வைக்கலாமே. அதன் பிறகு திரையைத் தொட்டுச் சாப்பிடும் கடையே போதும் என்று இருக்கிறேன்.

#9 யோகோஹாமாக்காரர்

அம்மா மாலைத்தென்றல், நீங்கள் சொன்னதைப் படிக்க வருத்தமாக இருந்தது. அவர் இன்னும் மென்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சென்ட் விஷயத்தில் அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எட்டு நாற்காலி உள்ள இடம் அது. வெள்ளை மீனின் மணம் என்பது வெந்நீரில் ஒரு துளி உப்பு போல, அவ்வளவு மெலிது. ஒருவருடைய வாசனை எட்டுப் பேருடைய சாப்பாட்டையும் மூடிவிடும். பழக்கமானவர்களே அன்று சென்ட் போட மாட்டார்கள்.

சோற்றை ஒதுக்கியது அவருக்கு வலித்திருக்கும், காரணம் நான் மேலே எழுதியதுதான். கேட்கும்போதே "ஷாரி சுகுநாமே" என்று சொன்னால் சோற்றைக் குறைத்துப் பிடித்துத் தருவார்கள். இது எந்தக் கடையிலும் சாதாரணமாகக் கேட்பது. யாரும் உங்களுக்கு முன்னாலேயே சொல்லவில்லை, உங்கள் தவறு இதில் இல்லை.

இந்தக் கடைகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் நமக்கு அவர்கள் மேல் கோபம் குறையும் என்று நினைக்கிறேன். 1820களில் எடோவில், அதாவது பழைய டோக்கியோவில், நிகிரி சுஷி தள்ளுவண்டிச் சாப்பாடு. ஹனாயா யோஹெய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். நின்றுகொண்டே கையால் எடுத்து வாயில் போட்டுவிட்டுப் போகிற வேலைக்காரர்களின் தீனி. பனிக்கட்டி கிடையாது, அதனால் உப்பிட்டார்கள், வினிகரில் ஊறவைத்தார்கள், சோயாவில் போட்டார்கள், வேகவைத்தார்கள். இன்று கொஹாதாவிலும் அனாகோவிலும் நாம் ருசிப்பது அந்தத் தேவையைத்தான். 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ தரைமட்டமானபோது சமையல்காரர்கள் சொந்த ஊர்களுக்குப் போனார்கள், அவர்களோடு எடோ சுஷியும் ஊர் ஊராகப் போனது.

போருக்குப் பிறகு 1947இல் அரிசித் தட்டுப்பாடு. உணவகங்களை மூடச் சொல்லி ஆணை. டோக்கியோ சுஷிக்காரர்கள் அதிகாரிகளிடம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீங்கள் வீட்டிலிருந்து ஒரு கோ அரிசி, அதாவது 180 மில்லி அளவு, கொண்டு வாருங்கள், கூலி வாங்கிக்கொண்டு பத்துத் துண்டு சுஷியாகத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். விற்பனை இல்லை, செய்துகொடுக்கும் வேலை. இப்படித்தான் பிழைத்தார்கள். ஒரு ஆளுக்கு ஏறக்குறைய பத்துத் துண்டு என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கையிலிருந்த அரிசியை வாங்கி சுஷியாகக் கொடுத்த கடை என்பதால், தெருவோடு அதற்கு இருக்கும் உறவு வேறு.

எங்கள் தெருக் கடைக்காரர் இன்றும் வீட்டுக்கு அனுப்புகிறார். வட்டமான அரக்குத் தொட்டியில் வரும். சாப்பிட்ட பிறகு கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட வேண்டும், மறுநாள் சைக்கிளில் வந்து எடுத்துப் போவார். பெயர் எழுதுவதில்லை, கையெழுத்து இல்லை, யாரும் எடுத்துக்கொண்டு போனதும் இல்லை. என் மகள் பள்ளியில் சேர்ந்த அன்று அந்தத் தொட்டியில்தான் சாப்பிட்டோம். அவருக்குப் பிறகு அந்தக் கடையை எடுத்து நடத்த ஆள் இல்லை. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். இது போன்ற கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் தம்பியைப் போ என்று இத்தனை வற்புறுத்துகிறேன்.

#10 கடல்நண்டு

மீன் பெயர்களில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க நம் பெயரில் கொஞ்சம் சொல்கிறேன். மகுரோ சூரை இனம். இகா கணவாய். ஹிராமே நம் நாக்கு மீனைப் போலத் தட்டையானது. சபா கானாங்கெளுத்திக்கு நெருங்கிய சொந்தம். கான்பாச்சியும் புரியும் பாரைக் குடும்பம். கொஹாதா மத்தி மாதிரிச் சின்ன மீன், வெள்ளித் தோல், அதில் கரும்புள்ளிகள்.

ஒரு கடையை எடைபோட வேண்டுமென்றால் நான் கொஹாதா கேட்பேன். மலிவான மீன், ஆனால் எத்தனை நிமிடம் உப்பில், எத்தனை நிமிடம் வினிகரில் என்பதை மீனின் பருமனும் கொழுப்பும் அன்றைய வெயிலும் பார்த்து முடிவு செய்கிறார்கள். இன்று வந்தது போல நாளை இருக்காது. வளர வளர அதற்குப் பெயரே மாறும்: ஷின்கோ, கொஹாதா, நகாசுமி, கொனோஷிரோ. கோடையில் வரும் ஷின்கோ விரல் நீளம்தான் இருக்கும், ஒரு நிகிரிக்கு இரண்டு மூன்று மீன் வைப்பார்கள், அதுதான் அந்தக் குடும்பத்திலேயே விலை கூடியது.

பழைய கடையில் சால்மன் இல்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். முன்பெல்லாம் ஜப்பானியர்களுக்குச் சால்மனைப் பச்சையாகச் சாப்பிடும் வழக்கம் இல்லை, புழு பயம். 1980களில் நார்வே தன் வளர்ப்பு சால்மனை இங்கே விற்க மெனக்கெட்டது, அதற்குப் பிறகுதான் சுஷியில் ஏறியது. இன்று குழந்தைகளுக்கு அதுதான் முதல் விருப்பம். சில பெரியவர்கள் இன்னும் கடையில் சேர்ப்பதில்லை. இல்லையென்றால் இல்லை, வற்புறுத்தாதீர்கள்.

ஞாயிறு டோக்கியோவின் டொயோசு மீன் சந்தை விடுமுறை, புதன்கிழமைகளிலும் பல வாரம் விடுமுறை. போகும் நாளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

#11 மாலைத்தென்றல்

பெரியவரே, "ஷாரி சுகுநாமே" என்று எழுதி வைத்துக்கொண்டேன். விலை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. மாதக் கடைசியில் இரண்டு பேருக்கு 2,400 யென் என்பது எனக்குப் பெரிய தொகை. ஆனால் அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரிகிறது.

#12 நிஷிகசாய்வாசி

போய்விட்டு வந்தேன்! நேற்று மதியம், மனைவியோடு. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரைக்குக் கதவைத் திறந்தேன். இரண்டு விரல், "ஃபுதாரி தெஸ்". உள்ளே ஏழு நாற்காலிதான், ஓரத்தில் பாய் விரித்த இரண்டு மேசை. எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர் கவுன்ட்டருக்குப் பின்னால், அவர் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டிவியில் பகல் செய்தி. எங்களைத் தவிர ஒரு தாத்தா மட்டும், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எங்களுக்கு இடம் நகர்ந்து கொடுத்தார்.

எனக்கு ஜோ, 1,800 யென். மனைவிக்குப் பச்சை மீன் பழக்கமில்லை என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். பெரியவர் கேட்டுக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார், இது சரியா, இது சரியா என்று. அவளுக்கு இறாலும் பேய்க்கணவாயும் அனாகோவும் தமாகோவும் கொஹாதாவும் வைத்தார். விலை அதே 1,200.

அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வினிகர் கலந்த தண்ணீரில் விரல் நுனியை நனைத்து, உள்ளங்கைகளை ஒருமுறை தட்டினார். வலது கை மரப்பாத்திரத்துக்குள் போய்ச் சோற்றோடு வந்தது, இரண்டு மூன்று பருக்கையை மட்டும் திரும்பப் போட்டார். இடது கையில் மீன் துண்டு, அதன் மேல் சுட்டுவிரலால் வசாபி ஒரு கீற்று. சோறு அதில் உட்கார்ந்தது, கட்டைவிரல் நடுவில் ஒரு பள்ளம் போட்டது, திருப்பினார், அழுத்தினார், மறுபடி திருப்பினார், வைத்தார். ஐந்து ஆறு நொடிதான். யோகோஹாமா அண்ணன் சொன்ன அந்த அமர்வதை முதல் துண்டில் கவனிக்கத் தவறினேன். மூன்றாவது துண்டான கணவாயில் கண்ணாரப் பார்த்தேன். கீறல்கள் மெல்ல விரிந்து, விளிம்பு சோற்றின் மேல் படிந்தது. வாயில் போட்டபோது சோறு இளஞ்சூடு, கணவாய் குளிர்ச்சி. இந்த வித்தியாசம் இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாது.

கடைசியாக அனாகோ. குழம்பைத் தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்து, தட்டில் வைக்காமல் நேராக மனைவியின் கையில் கொடுத்தார். அவ்வளவு மென்மை, தட்டில் வைத்து எடுத்தால் உடைந்துவிடும் என்று அந்த அம்மா சைகையால் சொன்னார். அதைச் சாப்பிட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் தட்டில் மீதம் இருந்த மகுரோவைக் காட்டி, அதை நான் சாப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். எனக்கு ஒன்று குறைந்தது, ஆனால் நேற்று நடந்ததிலேயே எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

பில் சரியாக 3,000. மீன்விழி, சமையல்கட்டு, எல்லோருக்கும் நன்றி.

#13 ஒசாகாத்தமிழச்சி

படிக்கும்போதே பசிக்கிறது! அம்மா விஷயம் கேட்டீர்களா?

#14 மாலைத்தென்றல்

கையில் கொடுத்தாரா? நான் போன இடத்தில் அப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்தே பார்க்க முடியாது. உங்கள் கடை எந்த ஸ்டேஷன் பக்கம் என்று தனி மடலில் சொல்கிறீர்களா? சென்ட் போடாமல் வருகிறேன்.

#15 நிஷிகசாய்வாசி

மாலைத்தென்றல், அனுப்பிவிட்டேன். அங்கே ஷாரி சுகுநாமே என்று சொன்னால் "ஹாய்" என்று உடனே குறைக்கிறார், பக்கத்துத் தாத்தா அப்படித்தான் கேட்டார்.

அக்கா, கிளம்பும்போது அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் எழுதியதைப் போலவே "கத்சுவோ தாஷி மோ" என்றேன். பெரியவர் புருவத்தைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த அம்மாவிடம் ஏதோ பேசினார், அவர் நாட்காட்டியை எடுத்து வந்தார். சுரைக்காய் நாடாவைக் கொன்பு நீரில் தனிப் பாத்திரத்தில் வேகவைப்பாராம், வெள்ளரியும் கத்தரிக்காய் ஊறுகாயும் வைத்து நிகிரி பிடிப்பாராம். ஒரே நிபந்தனை, முந்தின நாள் காலையில் போன் செய்ய வேண்டும். 18ஆம் தேதி வியாழக்கிழமைக்குக் குறித்துக்கொண்டார், முந்தின நாளான புதன் விடுமுறை என்பதால் செவ்வாயே கூப்பிடச் சொன்னார். பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் எங்கள் பெயரைக் கேட்டு மூன்று முறை உச்சரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கதகானா எழுத்தில் "அம்மா" என்று எழுதினார்.